காபி குடிக்கிற நேரத்துலதான் பிசினஸே நடக்குது

கேள்வி: திருப்பூர்ல பனியன் ஏற்றுமதி பண்றேன். ரியாத்ல ஒரு பையரைப் பாக்கப் போனா ரேட் பேசவே விடல, காபி, பேரீச்சம்பழம், ஊர்க்கதைன்னு ரெண்டு மணி நேரம் ஓடிடுச்சு, நடுவுல தொழுகைக்கு வேற எழுந்து போயிட்டார். பணம் இருக்கிற அளவுக்கு நேரத்தோட அருமை தெரியாதவங்களா அரபிங்க?

பதில்: தெரியாதது அவருக்கு இல்லீங்க, உங்களுக்குத்தான். அந்த ரெண்டு மணி நேரமும் அவர் வேலைதான் பாத்துட்டு இருந்தார், உங்களை எடை போடுற வேலை. முன்பின் தெரியாத ஒருத்தர் கன்டெய்னர் கணக்குல சரக்கு அனுப்பப்போறார், கலர் மாறி வந்தா போனை எடுப்பாரா, தேதி தள்ளிப்போனா முன்கூட்டியே சொல்வாராங்கறது கொட்டேஷன்ல இருக்காது, அதனாலதான் தொழில் அப்பா காலத்துல இருந்தா, பசங்க என்ன படிக்கிறாங்கன்னு கேட்டு ஆளைப் புரிஞ்சுக்கப் பாக்கிறாங்க. உங்க ஊர்ல நூலைக் கடனுக்குத் தர்ற மில்காரர் ஆள் தெரியாமலா தர்றார்?

அந்தக் காபியையும் லேசா நினைக்காதீங்க. கஹ்வாங்கற அந்த அரபிக் காபியை ஊத்துறவர் கெண்டியை இடது கையில பிடிச்சு வலது கையால சின்னக் கப்பை நீட்டுவார், நீங்களும் வலது கையாலதான் வாங்கணும், கப்புல கொஞ்சமாத்தான் இருக்கும், குடிச்சுட்டு சும்மா நீட்டினா மறுபடி ஊத்துவார், போதும்னா கப்பை லேசா ஆட்டிக் கொடுக்கணும். பாலைவன நாடோடி அரபிகளான பதூயின் மக்களோட வழக்கத்துல முக்கியமான ஒண்ணைக் கேட்டு வர்ற விருந்தாளி காபியைத் தொடாம கீழ வச்சிடுவார், கேட்டதுக்கு சரின்னு பதில் வந்த பிறகுதான் குடிப்பார். காபியும் பேரமும் அந்த அளவுக்குப் பின்னிக் கிடக்கு அங்க. நீங்க என்னடான்னா அதை டைம் வேஸ்ட்னு எழுதுறீங்க.

தொழுகையைக் குறையா சொன்னது எனக்கு நிஜமாவே வருத்தம். அது திடீர்னு வர்ற வேலை இல்ல, அஞ்சு வேளையும் எப்பன்னு மொபைல்லயே நிமிஷ சுத்தமா காட்டுது, லுஹர், அதாவது மதியத் தொழுகை, முடிஞ்சு வரட்டுங்களான்னு கேட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தா அந்த ஒரு வரியிலயே உங்க மேல மதிப்பு கூடியிருக்கும்.

பனியன்காரர்ங்கறதால இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். பையருக்குப் பிடிக்கும்னு சவூதி கொடியை டி-ஷர்ட்ல பிரின்ட் அடிச்சு சாம்பிள் கொண்டு போயிடாதீங்க. அந்தக் கொடியில கலிமா, அதாவது அல்லாஹ் ஒருவனே இறைவன், முகமது அவனோட தூதர்ங்கற இஸ்லாமிய உறுதிமொழி, எழுதியிருக்கு, துக்க நாள்லகூட அதை அரைக்கம்பத்துல இறக்க மாட்டாங்க. 2007ல ஆப்கானிஸ்தான்ல அமெரிக்க ராணுவம் பசங்களுக்குக் கொடுத்த ஃபுட்பால்ல இந்தக் கொடியும் இருந்துச்சு, கலிமாவைக் காலால உதைக்கிறதான்னு ஜனங்க ரோட்டுக்கே வந்துட்டாங்க.

இப்ப அங்க பெண்கள் நிறைய பேர் ஆபீஸ்ல இருக்காங்க, அவங்களா கை நீட்டினா குலுக்குங்க, இல்லன்னா வணக்கமா ஒரு வார்த்தை போதும். அவர் வீட்டம்மாவைப் பத்தி நீங்களா விசாரிக்காதீங்க, பிள்ளைங்க நலமான்னு கேளுங்க.

தேதியையும் பாத்துக்குங்க. சவூதியில 2013ல இருந்து வெள்ளி, சனி லீவு. எமிரேட்ஸ்ல 2022ல இருந்து சனி, ஞாயிறு லீவு, அரசாங்க ஆபீஸ் வெள்ளிக்கிழமை அரை நாள்தான். ரமலான் மாசம் சவூதியில முஸ்லிம் தொழிலாளிக்கு சட்டப்படியே நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல வேலை கிடையாது, அந்த மாசத்துல போய் ஆர்டர் என்னாச்சுன்னு நச்சரிக்காம பெருநாளுக்கு ஒரு போன் போட்டு வாழ்த்து சொல்லுங்க, ரேட்டைப் பத்தி அன்னிக்கு வாயே திறக்காதீங்க.