ஸ்கேன் நார்மல்தான், அப்புறம் எதற்கு மரபணுப் பரிசோதனை?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். பிறகு எடுத்த மரபணு ரிப்போர்ட்டில் ‘ரெட் சி634ஆர்’ என்று வந்திருக்கிறது. எனக்கும் என் 4 வயது மகளுக்கும் கழுத்தில் கட்டி எதுவும் இல்லை, ஸ்கேனும் நார்மல். இருந்தும் இருவரையும் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியம்தான். ஆனால் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியது நீங்கள். அம்மாவிடமிருந்து இந்த மாற்றம் உங்களுக்கு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. உங்களுக்கு இல்லை என்று வந்துவிட்டால் உங்கள் மகளுக்கும் இருக்காது. இது ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்து வருவதில்லை. குழந்தையின் கையில் ஊசி போட வேண்டிய வேலையே இல்லாமல் போகலாம்.

ரிப்போர்ட்டில் உள்ள ‘ரெட் சி634ஆர்’ என்ற குறியீட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ரெட் என்பது 10-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. அது உருவாக்கும் புரதம் செல்லின் சவ்வில் பாதி வெளியே, பாதி உள்ளே என்று நிற்கிறது. வெளியிலிருந்து செய்தி வரும்போது மட்டும் இரண்டு ரெட் புரதங்கள் ஜோடி சேரும். உள்ளே இருக்கும் பகுதி டைரோசின் கைனேஸ் என்ற நொதி. அது உயிர்பெற்று, ‘வளர், பெருகு’ என்ற கட்டளையைச் செல்லுக்குள் அனுப்பும். செய்தி நின்றால் ஜோடியும் பிரிந்துவிடும்.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. அதில் 634-ஆவது இடத்தில் இருக்க வேண்டியது சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் (ரிப்போர்ட்டில் ‘சி’). அதே புரதத்தில் உள்ள இன்னொரு சிஸ்டீனின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. அம்மாவுக்கு அங்கே ஆர்ஜினின் என்ற வேறொரு அமினோ அமிலம் (‘ஆர்’) வந்து உட்கார்ந்துவிட்டது. துணையை இழந்த அந்த மற்றொரு சிஸ்டீன், பக்கத்துப் புரதத்தில் இதே போலத் தனித்து நிற்கும் சிஸ்டீனைப் பிடித்துக்கொள்கிறது. பிடி விடுவதே இல்லை. செய்தி வராமலே, ராத்திரி பகலாகக் கட்டளை போய்க்கொண்டிருக்கிறது. (இதே மரபணு வேலை செய்யாமல் போனாலும் தொல்லைதான்: பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்கள் இல்லாமல் குழந்தை பிறக்கலாம்.)

இதில் முதலில் பாதிக்கப்படுவது தைராய்டில் உள்ள சி செல்கள். கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரப்பவை இவைதான். மெடுல்லரி புற்றுநோய் தொடங்குவதும் இவற்றில்தான். தொடக்கத்தில் ஸ்கேனுக்குத் தெரியாத அளவில், அங்கங்கே பொட்டுப் பொட்டாகத்தான் பெருகும். கட்டி கண்ணுக்குத் தெரியும்போது கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருப்பதும் சகஜம். இந்தச் செல்கள் அயோடினை எடுத்துக்கொள்ளாது என்பதால், மற்ற தைராய்டு புற்றுநோய்களுக்குக் கைகொடுக்கும் கதிரியக்க அயோடின் இங்கே பயன்படாது. ஆகவே ஸ்கேன் நார்மல் என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

உங்களுக்கு மாற்றம் இருந்தால், கால்சிடோனின் அளவு பார்த்துத் தைராய்டை எடுத்துவிடச் சொல்வார்கள். மகளுக்கும் இருந்தால்? 634-ஆவது இடத்து மாற்றத்துக்கு ஐந்து வயதிலோ அதற்கு முன்போ தைராய்டை அகற்றுவதுதான் பரிந்துரை. கேட்கவே மனம் பதறும், தெரியும். நோய் வரும் முன்பே அதன் இடத்தை எடுத்துவிடுகிறோம். பிறகு ஆயுள் முழுக்கத் தினமும் தைராக்சின் மாத்திரை. தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் சின்னக் குழந்தைக்கு மிகச் சிறியவை. அவை சேதமானால் கால்சியம் குறைந்துவிடும். குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சையை அடிக்கடி செய்பவரிடம் மட்டுமே போங்கள். இதில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் விஷயம். இந்த மாற்றம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலும் கட்டி வரலாம். திடீர்த் தலைவலி, படபடப்பு, வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். இது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே ஆபத்து. பெரியவர்களுக்கு எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்பு, இந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை (ரத்தத்தில் அல்லது சிறுநீரில்) செய்ய வேண்டும். அம்மாவுக்குச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்திருந்தாலும் வருடம் ஒருமுறை தேவை.

செல்பர்காட்டினிப் என்று, ரெட் நொதியையே குறிவைக்கும் மாத்திரை 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது முற்றிய, பரவிய நோய்க்கு. முன்கூட்டித் தடுப்பதற்காகச் சாப்பிடும் மருந்தல்ல.

மகளுக்கு 4 வயது என்பதால் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே ரத்தம் கொடுங்கள். போகும்போது அம்மாவின் ரிப்போர்ட் நகல் கையில் இருக்கட்டும். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆய்வகத்துக்கு அதுதான் சொல்லும். அம்மாவுடன் பிறந்தவர்கள், உங்கள் உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அதே நகலை அனுப்பிவிடுங்கள்.