இயந்திரம் கப்பல் ஏறும் முன்: இறக்குமதிக் கேள்வி-பதில்

சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட பிறகு எழுதப்படும் கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. நாளுக்கு நாள் வாடகை ஏறும் அந்த நேரத்தில் என்னால் பெரிதாக உதவ முடிவதில்லை. அதனால் இந்த முறை, ஆர்டர் போடும் நிலையில் இருப்பவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டேன்.

பெரிய ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று வாங்குகிறோம். உடல் பகுதி, பவர் யூனிட், கன்ட்ரோல் பேனல், குழாய்கள் எல்லாம் கழற்றிய நிலையில் ஆறு கன்டெய்னர்களில், இரண்டு கப்பல்களில் வருகின்றன. கூடவே இரண்டு வருடத்துக்கான உதிரிபாகங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே எச்.எஸ். எண் (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) போடலாமா?

பிரஸ்ஸுக்குப் போடலாம், உதிரிபாகங்களுக்குக் கூடாது. கப்பல் இரண்டு என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல்.

கழற்றிய நிலையில் ஒன்றாகக் கொண்டுவரப்படும் பொருளை முழுப் பொருளாகவே பார்க்க வேண்டும் என்கிறது எச்.எஸ். வகைப்பாட்டின் 2ஆம் பொது விதி. பவர் யூனிட் தனியாக நின்று குழாயால் இணைக்கப்படுவதும் தடை இல்லை. ஒரே வேலைக்காகச் சேர்ந்து இயங்கும் பாகங்களை அந்த வேலைக்குரிய தலைப்பிலேயே (நான்கு இலக்க எண்ணிலேயே) வைக்கலாம் என்று 16ஆம் பிரிவின் 4ஆம் குறிப்பு சொல்கிறது. உலோகத்தை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் என்றால் அது 8462. முழு எண்ணின் முதல் 6 இலக்கங்கள் எச்.எஸ். முறையைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பின்னால் வருபவை அந்தந்த நாட்டுக்கு உரியவை. எனவே விற்பவர் தன் இன்வாய்ஸில் போட்டிருக்கும் நீளமான எண்ணை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள்.

சரி, இரண்டு கப்பல்? ‘ஒன்றாகக் கொண்டுவரப்படும்’ என்ற சொல் அங்கேதான் இடிக்கிறது. பகுதி பகுதியாக வரும் இயந்திரத்தை ஒரே இயந்திரமாக ஏற்பதா, வந்த பாகங்களைத் தனித்தனியாகப் பார்ப்பதா என்பது ஒவ்வொரு நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. பல நாடுகளில் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தால் ஏற்பார்கள். முதல் கப்பல் வந்த பிறகு கேட்டால் கஷ்டம். ஆர்டருக்கு முன்பே சுங்கத்துறையிடம் முன் தீர்ப்பு (எந்த எண் பொருந்தும் என்று சரக்கு வரும் முன்பே எழுத்தில் தரும் முடிவு) கேளுங்கள். 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க உடன்படிக்கை, முன் தீர்ப்பு தரும் ஏற்பாட்டை உறுப்பு நாடுகளின் கடமையாக வைத்திருக்கிறது. ஒரே ஒப்பந்தம், இயந்திரத்தின் முழு வரைபடம், எந்தப் பெட்டியில் எந்தப் பாகம் என்ற பட்டியல் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.

உதிரிபாகங்கள் தனிக் கணக்கு. பேரிங் 8482, மோட்டார் 8501, பம்ப் 8413 என்று ஒவ்வொன்றும் அதனதன் தலைப்புக்குப் போகும். ‘ஸ்பேர்ஸ், ஒரு பெட்டி’ என்று பேக்கிங் லிஸ்டில் ஒற்றை வரி எழுதினால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் செய்வார்கள்.

விற்பவர் இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம்.

வேண்டவே வேண்டாம். வங்கி வழியாகப் போன பணத்துக்கும் இன்வாய்ஸுக்கும் உள்ள வித்தியாசம் பல வருடம் கழித்துத் தணிக்கையிலும் வெளியே வரும். வழியில் இயந்திரம் சேதமடைந்தால் காப்பீட்டுத் தொகையிலும் அடி விழும்.

வரியை நேர்மையாகக் குறைக்க இடம் இருக்கிறது. இறக்குமதிக்குப் பிறகு உங்கள் ஆலையில் நடக்கும் நிறுவுதல், பொருத்துதல், பராமரிப்பு, தொழில்நுட்ப உதவி ஆகியவற்றின் கட்டணம் தனியாகக் காட்டப்பட்டிருந்தால், உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு விதிகளின்படி அது சுங்க மதிப்பில், அதாவது வரி கணக்கிடும் மதிப்பில், சேராது. மொத்தத் தொகையாக ஒரே வரியில் எழுதினால் இந்தச் சலுகை கைவிட்டுப் போகும். அதே விதிகள் சிலவற்றைச் சேர்க்கவும் சொல்கின்றன. இயந்திரம் செய்வதற்காக நீங்கள் விற்பவருக்கு இலவசமாகக் கொடுத்த அச்சு, விற்பனையின் நிபந்தனையாகக் கட்டும் ராயல்டி, விற்பவர் தரப்பு முகவரின் கமிஷன் ஆகியவை மதிப்பில் சேரும். இவற்றை மறைக்காமல் நீங்களே அறிவித்துவிடுங்கள்.

பழைய சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும்) இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

முதலில், உங்கள் நாட்டில் பழைய இயந்திரத்துக்கு வயது வரம்போ அனுமதியோ இருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த ஆண்டு, வரிசை எண், மீதமுள்ள ஆயுள், மதிப்பு ஆகியவற்றைச் சுயேச்சையான பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து எழுதிய அறிக்கை வேண்டும். ஓடும் நிலையில் சோதித்ததற்கான சான்றையும் வாங்குங்கள். 2025 ஜனவரி 1 முதல், அபாயகரக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் மின்கழிவு விதிகள் கடுமையாகிவிட்டன. ஓடாத மின் இயந்திரத்தைக் கழிவு என்று கருதிவிட்டால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில் வரலாம். பழைய பிரேக் லைனிங், கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா என்றும் கேளுங்கள்.

அப்புறம், ஐந்து அச்சு இயந்திரம் (ஐந்து திசைகளில் நகர்ந்தும் திரும்பியும் வெட்டும் சி.என்.சி.) என்றால் பழையதாக இருந்தாலும் விற்கும் நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வரக்கூடும். இறுதிப் பயன்பாட்டுச் சான்று (இயந்திரத்தை யார், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்ற உறுதி) கேட்டால் சந்தேகப்படாமல் உண்மையை எழுதிக் கொடுங்கள். சில இயந்திரங்கள் இடம் மாறியதை உணர்ந்து தாமாகவே பூட்டிக்கொள்ளும். திறந்து தருவதாகத் தயாரிப்பாளர் எழுத்தில் சொன்ன பிறகு பணம் கட்டுங்கள்.

மரப் பெட்டியில் முத்திரை இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?

மரத்தோடு பூச்சியும் வந்துவிடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. மரப் பெட்டிகளுக்கான சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15இன்படி, வழக்கமான வெப்பமுறையில் மரத்தின் உட்பகுதி உட்பட முழுவதும் குறைந்தது 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்த வேண்டும். பிளைவுட்டுக்கும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய மரத்துக்கும் விலக்கு உண்டு. பெட்டியைச் சரியாகச் செய்துவிட்டு, இயந்திரம் நகராமலிருக்கக் கன்டெய்னருக்குள் முட்டுக்கொடுத்த கட்டைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றுக்கும் முத்திரை தேவை. ஏற்றும் முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சி.இ. குறி இருக்கிறதே, அது போதாதா?

அது ஐரோப்பியச் சந்தைக்கானது. ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று, பெரும்பாலான இயந்திரங்களுக்குத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் தரும் உறுதிமொழி அது. உங்கள் நாட்டின் சான்றிதழ் வேறாக இருக்கலாம். ஐரோப்பாவுக்குள் கொண்டுவருபவர்கள், 2027 ஜனவரி 20 முதல் பழைய இயந்திர வழிகாட்டுதலுக்குப் பதிலாக 2023/1230 ஒழுங்குமுறை பொருந்தும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டி.டி.பி. முறையில் (வரியும் கட்டி வாசலில் கொண்டுவந்து தருவது) எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாக விற்பவர் சொல்கிறார்.

உங்கள் நாட்டில் அவரால் இறக்குமதியாளராகப் பதிவுசெய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாவிட்டால் வேறு யார் பெயரிலோ ஆவணம் போகும். கட்டிய வரியை நீங்கள் திரும்பப் பெற வழி இருக்காது. டி.ஏ.பி. (விற்பவர் இடம் வரை கொண்டுவருவார், இறக்குமதி வரி உங்களுடையது) அல்லது எஃப்.சி.ஏ. (விற்பவர் தன் நாட்டில் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைப்பார்) முறையில் வாங்கி, சுங்க வேலையை உங்கள் முகவரிடம் கொடுப்பதே என் விருப்பம்.

பழுதான ஸ்பிண்டிலைத் (இயந்திரத்தின் சுழலும் முக்கியத் தண்டு) தயாரிப்பாளருக்கு அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். மறுபடி முழு வரி கட்ட வேண்டுமா?

பல நாடுகளில் பழுது பார்த்த செலவுக்கும் போக்குவரத்துக்கும் மட்டும் வரி கட்டினால் போதும். ஆனால் வெளியே போனதும் திரும்பி வந்ததும் ஒரே பொருள்தான் என்று நிரூபிக்க வேண்டும். அனுப்பும்போதே பழுதுக்காகப் போகிறது என்று அறிவித்து, ஏற்றுமதி ஆவணத்தில் வரிசை எண்ணை எழுதுங்கள். பழுதுபார்க்காமல் புதிய ஸ்பிண்டிலை மாற்றி அனுப்பினால் எண் மாறிவிடும். அப்படிச் செய்வதாக இருந்தால் முன்பே சொல்லும்படி தயாரிப்பாளரிடம் கேட்டுவையுங்கள்.