கேளுங்க சொல்றோம்: பாதி பாதி பிரிச்சும் ஏன் பத்தல?

கேள்வி: அண்ணே, காரைக்குடில சின்ன ஆபீஸ் வச்சிருக்கோம். கிளவுட்ல 48 கோர் (கணக்குப் போடுற ப்ராசஸர் பகுதி), 192 ஜிபி மெமரி உள்ள மெஷின் ஒண்ண வாடகைக்கு எடுத்து ரெண்டு டீம் ஓட்டுறோம். ஒரு டீம் பழைய செட்டிநாட்டு வீடுகளை போட்டோ எடுத்து 3டி மாடல் ஆக்குது, இன்னொண்ணு ஆத்தங்குடி டைல்ஸ் டிசைனை ரெண்டர் பண்ணுது. முதல்ல வந்தவங்களுக்கு முதல்லன்னு விட்டா, காலைல ஒருத்தர் நூறு ஜாப்பை (மெஷினுக்குக் குடுக்குற வேலை) தள்ளிட்டுப் போயிடுறார், மத்தவங்க சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிடக்காங்க. சரின்னு ஆளுக்குப் பாதி பிரிச்சேன், இப்ப ரெண்டு பேருமே பத்தலைங்கிறாங்க, ஆனா மெஷின்ல நிறைய சும்மா கிடக்கு.
- ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: தங்கச்சி, ரெண்டு டீமுக்கும் பசி ஒண்ணு இல்லம்மா. 3டி ஜாப்புக்கு 2 கோர், 16 ஜிபின்னும், ரெண்டர் ஜாப்புக்கு 4 கோர், 4 ஜிபின்னும் வைங்க. பாதி பாதின்னா ஆளுக்கு 24 கோர், 96 ஜிபி. 3டி டீமுக்கு 6 ஜாப்லயே மெமரி தீர்ந்துடும், 12 கோர் சும்மா நிக்கும், ரெண்டர் டீமுக்கும் 6 ஜாப்ல கோர் தீர்ந்துடும், 72 ஜிபி சும்மா நிக்கும். இவங்ககிட்ட மிச்சமிருக்கறதுதான் அவங்களுக்கு வேணும், அதை நடுவுல சுவர் வச்சு அடைச்சுட்டீங்க. பெரிய வீட்டுல பங்காளிகளுக்கு ரூம் தனித்தனின்னாலும் நடு முற்றமான வளவு எல்லாருக்கும் பொதுவாத்தானே கிடக்கு, அப்படித்தான் இதையும் பொதுவா போடணும்.

இதுக்குன்னே 2011-ல பெர்க்லி யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு முறை சொன்னாங்க, டாமினன்ட் ரிசோர்ஸ் ஃபேர்னெஸ்னு பேரு. கோர், மெமரி ரெண்டுல மெஷினோட மொத்தத்துல எதோட பங்கு ஒருத்தருக்கு அதிகமா தேவையோ, அதுல அவர் பங்கு எவ்வளவுன்னு மட்டும் பார்த்து, அந்தப் பங்கை எல்லாருக்கும் சமமா வைக்கிறது, அவ்வளவுதான். 3டி ஜாப் ஒண்ணு மெமரில 12-ல 1 பங்கு, ரெண்டர் ஜாப் ஒண்ணு கோர்ல 12-ல 1 பங்கு, அதனால ஒண்ணுக்கு ஒண்ணா ஏத்திக்கிட்டே போனா ஆளுக்கு 8 ஜாப் ஓடும்! 48 கோரும் வேலை செய்யும், மெமரில 160 ஜிபி போயிடும். ஒரு பைசா கூட வாடகை ஏறல, ரெண்டு பேருக்கும் 6 போய் 8 ஆகுது, எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு டீம்ல ஆள் ஜாஸ்தின்னா வெயிட் (அவங்க பங்கைக் கூட்டுற எண்) வச்சுக்கலாம், கோயில் வரியை வீட்டுக் கணக்குல இல்லாம புள்ளிக் கணக்குல (கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி) போடுற மாதிரி.

கேள்வி: எங்க லேப்ல ஸ்லர்ம் இருக்கு, பொது மெஷின்ல யார் ஜாப் எப்ப ஓடணும்னு வரிசைப்படுத்துற சாஃப்ட்வேர். ரெண்டு வாரமா நான் மெஷினைத் தொடவே இல்ல, ஆனாலும் தினம் ஓட்டுறவங்களுக்குப் பின்னாலதான் நிக்கிறேன், ஏன்?
- ஆராய்ச்சி மாணவர், காரைக்குடி

பதில்: உங்க கோபம் நியாயம் தம்பி. ஸ்லர்ம்ல ஃபேர்ஷேர்னு இருக்கு, பழைய உபயோகத்தைக் கணக்கு வச்சு அதிகம் எடுத்தவங்களைப் பின்னால தள்ளும். டிஃபால்ட்டா 7 நாளைக்கு ஒருக்க பழைய கணக்கு பாதியாகும், போன வாரம் 1000 கோர்-மணி (ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு கோர்-மணி) ஓட்டினது இந்த வாரம் 500-ஆ தெரியும், அப்புறம் 250. ஆனா வரிசையை முடிவு பண்றதுல ஃபேர்ஷேருக்கான வெயிட் டிஃபால்ட்டா 0, அட்மின் ஏத்தலன்னா இருந்தும் இல்லாத மாதிரிதான். அதைத்தான் முதல்ல கேளுங்க.

அப்படியே ஜாப் எவ்வளவு மெமரி கேக்குது, நிஜமா எவ்வளவு தின்னுதுன்னும் பார்க்கச் சொல்லுங்க. நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒருத்தர் 64 ஜிபி கேட்டு 3 ஜிபிதான் யூஸ் பண்ணிட்டிருந்தார், மூணு நாள் மத்தவங்க ஜாப் எல்லாம் 64 ஜிபி வேணும்னு அவர் எழுதின அந்த ஒத்தை வரியால நின்னுச்சு.