அமெரிக்காவில் பழைய காரை ஏலத்தில் எடுப்பது லாபமா? டீலர் ஏலத்துக்கு நாமும் போகலாமா?

போக முடியாது. மான்ஹைம் மாதிரியான டீலர் ஏலங்களில் டீலர் லைசென்ஸ் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். லைசென்ஸ் உள்ளவரிடம் கமிஷன் பேசி எடுத்துத் தரச் சொல்வதுதான் வழி.

அங்கே ஒவ்வொரு வண்டி ஏலத்துக்கு வரும்போதும் எரியும் விளக்குதான் பேசும். பச்சை எரிந்தால், எஞ்சின், கியர்பாக்ஸ் போன்றவற்றில் சொல்லாமல் மறைத்த பெரிய கோளாறு இருந்தால் முறையிடலாம். மஞ்சள் என்றால் ஏதோ குறையை அறிவிக்கிறார்கள், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு என்றால் உள்ளது உள்ளபடி, பிறகு பெரும்பாலும் பேச்சே கிடையாது. நீலம் என்றால் டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், இன்னும் வந்து சேரவில்லை.

பொது ஏலத்துக்கு யாரும் போகலாம். ஆனால் டீலர்களே வேண்டாமென்று தள்ளிய வண்டிகளும் அங்கேதான் வந்து நிற்கும். என்னைக் கேட்டால், அமெரிக்க மத்திய அரசின் வாகனங்களைக் கவனிக்கும் ஜிஎஸ்ஏ என்ற அமைப்பு கழித்துவிடும் வண்டிகள் தேவலை. சர்வீஸ் ஒழுங்காகப் பார்த்திருப்பார்கள்.

பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். அதனால் சீக்கிரமே போய் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்த வண்டியோ என்று சந்தேகப்படலாம். கார்பெட்டைத் தூக்கி, சீட் போல்ட்டுகளைப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் வெள்ளத்தில் நின்றதாக இருக்கலாம். ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள, எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட அடையாள எண்ணான வின் நம்பரைப் போட்டு, டைட்டில் வரலாற்றை முதல்நாளே எடுத்துவிடுங்கள்.

கேட்ட விலையோடு முடியாது. ஏலக் கட்டணம், வரி, பதிவுச் செலவு எல்லாம் தனி. இதையெல்லாம் கழித்துவிட்டு உச்ச விலையைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். ஏலக்காரர் பாடுகிற வேகத்தில் கணக்கே மறந்துவிடும்.