அழுதது யாருக்காக?

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. என் லைனில் ஒடிசாக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான். போன வாரம் ஊரில் அவன் அம்மா இறந்துவிட்டார். உடனே ரயில் ஏறினாலும் எடுப்பதற்குள் போய்ச் சேர முடியாது. ரூமில் உட்கார்ந்து வீடியோ காலில்தான் பார்த்தான். பக்கத்தில் நான் இருந்தேன். அவன் அம்மாவை எனக்குத் தெரியாது, அவன் பாஷையும் தெரியாது. போனில் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டதும் என் அப்பா போன நாள் ஞாபகம் வந்து தேம்பி அழுதுவிட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து என்னை அண்ணா என்கிறான். எனக்குத்தான் உறுத்துகிறது. நான் அழுதது என் அப்பாவுக்கு. தன் அம்மாவுக்கென்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். "அதே வலி பட்டவனுக்குத்தான்யா அடுத்தவன் வலி புரியும், இதில் என்ன தப்பு" என்கிறார் ரூம் நண்பர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கு.

அன்புள்ள கு.,

உங்கள் பக்கத்து இழவு வீடுகளில் பெண்கள் அழுவதைக் கவனித்திருப்பீர்கள். வெளியூரிலிருந்து வருகிறவள் தெருமுனையிலேயே ஒப்பாரியை எடுத்துவிடுவாள். உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து கட்டிக்கொள்வார்கள். வட்டமாக உட்கார்ந்து தலையோடு தலை முட்டி அழும்போது காது கொடுத்துக் கேளுங்கள். பாதிப் பேர் செத்தவரைப் பற்றியே பாடமாட்டார்கள். ஒருத்தி எப்போதோ போய்ச் சேர்ந்த தன் அண்ணனைக் கூப்பிடுவாள். இன்னொருத்தி தன்னைக் கட்டிக்கொடுத்த இடத்தைத் திட்டித் தீர்ப்பாள். பறிகொடுத்த வீட்டுக்காரி இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் அவள் தனியாக அழாமல் இருந்தால் போதும். நீங்கள் அந்தப் பையனுக்குச் செய்ததும் அதுதான். உறுத்தலை விடுங்கள்.

ஆனால் உங்கள் நண்பர் சொல்வதை நான் அப்படியே ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அலைந்த பெண்கள் உங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பேர். இன்றைக்கு இரண்டு நாள் குழாய் வரவில்லை என்று மருமகள் சலித்துக்கொண்டால் அவர்களில் பலர் என்ன சொல்கிறார்கள்? "நாங்க படாத பாடா?" பட்டவர்கள்தான், இரக்கம் வரவில்லையே. அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டியது. குளிர்காலத்தில் மிச்சிகன் ஏரியில் குதிக்க வந்தவர்களிடம், கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்ட ஒருவரின் கதையைக் கொடுத்தார்கள். ஏற்கெனவே குதித்து முடித்தவர்கள், இனிமேல் குதிக்கப் போகிறவர்களைவிட அவர்மேல் குறைவாகவே இரக்கப்பட்டார்கள். தாண்டி வந்த பிறகு வலி மங்கிவிடுகிறது, தாண்டிவிட்டோம் என்கிற மிதப்பு மட்டும் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற ஊரில், நம் திரௌபதி அம்மன் கோயில்களில் போலவே தீமிதி நடக்கிறது. அங்கே மிதிப்பவர்கள், பார்ப்பவர்கள் இரு தரப்பின் இதயத்துடிப்பையும் அளந்து 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. மிதிக்கிறவரின் துடிப்பு ஏறி இறங்கிய மாதிரியே, சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்த சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஏறி இறங்கியிருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த வெளியாட்களுக்கு அப்படி நடக்கவில்லை. ஆய்வின் முன்பாதியைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அந்தக் கடைசிச் செய்திதான் பெரிது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனியிலும் சுற்றியிருந்த காலனிகளிலும் தலித் மக்களின் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீ வைத்த கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு துக்கம் இருந்தது, ஒரு கோபம் இருந்தது. தங்களுக்குள் அவர்கள் அன்று நன்றாகவே ஒன்றுபட்டிருந்தார்கள். ஒன்றாக உணர்வதை நாம் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடிவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றும்.

வட்டம் பெரிதாவதை நான் பார்த்தது பாரதக் கூத்தில்தான், படுகளத்தன்று. மண்ணால் செய்த துரியோதனன் வெயிலில் மல்லாந்து கிடப்பான். தொடையில் அடி விழும்வரை மொத்தக் கூட்டமும் பீமன் பக்கம், விசில் பறக்கும். அது முடிந்ததும் காந்தாரி ஒப்பாரி. வேஷம் கட்டியிருப்பவர் மீசை மழித்த ஆண்பிள்ளை, ராத்திரியெல்லாம் பாடித் தொண்டை கட்டியிருக்கும், அரிதாரம் வேர்வையில் வழியும். அந்தக் கட்டைக் குரலில் "நான் பெத்த மவனே" என்று அவர் இழுக்கும்போது, சற்றுமுன் பீமனுக்குக் குரல் கொடுத்த பெண்களே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அங்கே ஒருத்தியும் இல்லை. துரியோதனன் அவர்களுக்கு வேண்டியவனும் இல்லை. நாள் கணக்காக உட்கார்ந்து பாரதம் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எதிராளிக்கும் ஒரு தாய் இருந்தாள் என்பது கேட்கக் கேட்கத்தான் மனதில் ஏறும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? வயல் வேலை செய்தாரா, பீடி சுற்றினாரா, மகனை இவ்வளவு தூரம் அனுப்ப மனசு வந்ததா? கேளுங்கள். அரைகுறை இந்தியும் கையசைவும் போதும். உங்கள் அப்பாவைப் பற்றியும் சொல்லுங்கள், அன்று ஏன் அழுதீர்கள் என்பதை மறைக்க வேண்டியதே இல்லை. ஆனால் முதலில் அவன் பேசி முடிக்கட்டும். அப்புறம், காரியத்துக்காவது ஊருக்குப் போய்விட வேண்டும் என்று அவனுக்கு இருக்கும். லீவு கேட்கிற அளவுக்கு அவனுக்குத் தமிழ் வராது. சூப்பர்வைசரிடம் நீங்களும் கூடப் போங்கள்.