மகளைப் பைலட் ஆக்க நிலத்தை விற்கலாமா?

கேள்வி: கொடுமுடிப் பக்கம் மஞ்சள், கரும்பு விவசாயம் செய்கிறோம். மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள், கணக்கு–பிசிக்ஸ் குரூப், தமிழ் வழி. கண்ணாடி போட்டிருக்கிறாள். பைலட் ஆகியே தீருவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். ஒரு ஏஜென்சியில் விசாரித்தோம். மொத்தம் 70 லட்சம், அடுத்த மாதத்துக்குள் 10 லட்சம் கட்டினால் சீட் உறுதி என்கிறார்கள். மூன்று ஏக்கர் இருக்கிறது. விற்றுவிடலாமா?

பதில்: இப்போது விற்க வேண்டாமுங்க. முன்பணமும் கட்ட வேண்டாம். அம்மணியின் ஆசைக்குக் குறுக்கே நிற்க இதைச் சொல்லவில்லை. இந்தப் படிப்பில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்கிற வரிசைதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். பல குடும்பங்கள் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, மெடிக்கலுக்குக் கடைசியில் போகின்றன.

மெடிக்கல்தான் முதல் வேலை. டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அங்கீகரித்த டாக்டரிடம் முதலில் கிளாஸ் 2 பரிசோதனை. அது தேறினால், விமானியாக வேலை பார்க்கத் தேவையான கிளாஸ் 1. நம் பக்கத்துப் பிள்ளைகள் கிளாஸ் 1-க்குப் பெரும்பாலும் பெங்களூரில் உள்ள விமானப்படையின் மருத்துவ மையத்துக்குப் போகிறார்கள். ரத்தம், சிறுநீர், இசிஜி, எக்ஸ்ரே, காது, கண் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி ஒரு தடையே இல்லை. கண்ணாடி போட்டு 6/6 பார்வை வந்தால் போதும். ஆனால் நிறங்களைப் பிரித்தறிய முடியாத அளவுக்கு நிறக்குருடு இருந்தால், சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான கமர்ஷியல் லைசென்ஸ் கிடைக்காது. புள்ளிகளுக்கு நடுவே எண் தெரிகிற இஷிஹாரா அட்டைகளை ஊர்க் கண் டாக்டரே வைத்திருப்பார். இந்த வாரமே ஈரோட்டில் காட்டிவிட்டு வந்துவிடுங்கள். கண்ணாடியைக் கழற்றுவதற்காக லேசர் ஆபரேஷன் செய்யலாம் என்று யாராவது சொன்னால், டிஜிசிஏ டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். எடை, ஹீமோகுளோபின் மாதிரி விஷயத்தில் ‘டெம்பரரி அன்ஃபிட்’ என்று எழுதினால் பயப்பட வேண்டாம். சரிசெய்துகொண்டு திரும்பப் போகலாம்.

அடுத்தது பேப்பர்கள். நேவிகேஷன் (வழியறிதல்), மெட்டியராலஜி (வானிலை), ஏர் ரெகுலேஷன்ஸ் (விமான விதிகள்), டெக்னிக்கல் என்று டிஜிசிஏ தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு தனி. இவற்றை விமானத்தில் ஏறுவதற்கு முன்பே எழுதலாம். பறப்பதற்கு ஆகும் செலவில் இது சிறு பங்குதான். இந்தப் பேப்பர்களை முட்டி மோதித் தேறுகிற பிள்ளைக்கு இந்தத் தொழில் ஒத்துவரும் என்பது என் அனுபவம்.

பாடம் கஷ்டமாக இருக்குமோ என்று யோசிக்காதீர்கள். கோவை விமான நிலையத்து ஓடுதளத்தின் பெயர் 05/23. ஒரு முனையிலிருந்து பார்த்தால் திசைகாட்டியில் சுமார் 50 டிகிரி, மறுமுனையிலிருந்து 230. விமானம் எதிர்காற்றில்தான் ஏறி இறங்க வேண்டும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது எந்த முனையைப் பயன்படுத்துவார்கள் என்று மகளைக் கேளுங்கள். யோசித்து 23 என்று சொல்லிவிட்டால், மெட்டியராலஜியும் நேவிகேஷனும் அவளுக்குப் பிடிபட ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம்.

பணம் போவது மூன்றாவது கட்டத்தில், பறக்கும் பயிற்சியில். லைசென்ஸுக்கு மொத்தம் 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பு விமானியாக. 300 நாட்டிக்கல் மைல் தூரப் பயணம் ஒன்றும், 5 மணி நேர இரவுப் பறத்தலும் உண்டு. இந்தியாவில் இன்றைக்கு சுமார் 45 முதல் 60 லட்சம் ஆகும். ஒன்றரை வருடத்தில் முடியும் என்பார்கள், இரண்டரை வருடம் இழுப்பதும் உண்டு. விமானம் ரிப்பேர், பயிற்றுநர் வேறு வேலைக்குப் போய்விட்டார், மழை, மூடுபனி என்று காரணம் ஏதாவது வரும். ஹாஸ்டல் செலவு மட்டும் நிற்காது.

அதனால் பள்ளியின் ரிசப்ஷனில் உட்கார்ந்து பிரசுரத்தைப் படித்துவிட்டு வராதீர்கள். விமானங்களை நிறுத்தும் ஹேங்கருக்குப் போய், இன்றைக்குப் பறக்கிற நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சீனியர் மாணவரிடம் லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். முதல் பக்கத் தேதியையும் கடைசி வரியில் உள்ள மொத்த மணி நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், மாதத்துக்கு எவ்வளவு பறக்க விடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். 2025-லிருந்து டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசையும் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுகிற இடமாக இருக்கட்டும். மொத்தமாகக் கேட்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். நடுவில் பள்ளி தடுமாறினால் அந்தப் பணம் திரும்ப வருவது மிகவும் கஷ்டம்.

உத்தரப்பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உடான் அகாடமி மத்திய அரசு நிறுவனம். நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும், அதற்கு விண்ணப்பியுங்கள். நமக்கு அருகிலேயே சேலம் காமலாபுரம் விமான நிலையத்தையும் பயிற்சிப் பள்ளி நடத்த 2022-ல் ஒதுக்கினார்கள். அங்கேயும் நேரில் போய் விசாரியுங்கள்.

லைசென்ஸ் வாங்கியதும் வேலை என்று ஏஜென்சி சொல்லியிருக்கும். அப்படி இல்லை. ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் தனியாக எடுக்க வேண்டும். இன்னும் 15 லட்சம் வாக்கில் ஆகும். அவர்கள் சொன்ன 70 லட்சத்தில் இது சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். 2023-ல் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது உண்மை. ஆனால் அவை பல வருடங்களில்தான் வந்து சேரும். 2019-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2020-ல் கொரோனா, 2023-ல் கோ ஃபர்ஸ்ட் நின்றது. அந்த நேரங்களில் லைசென்ஸோடு காத்திருந்தவர்கள் ஏராளம். அதனால் ஒன்றிரண்டு வருடம் வேலை இல்லாமல் இருந்தாலும் குடும்பம் தாங்குமா என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். மூன்று ஏக்கரையும் விற்றுவிட்டால் தாங்காது. கிளாஸ் 1 கைக்கு வந்து, பேப்பர்களும் தேறிய பிறகு வங்கிக்குப் போங்கள். டிஜிசிஏ அங்கீகாரம் உள்ள பைலட் பயிற்சிக்குக் கல்விக் கடன் உண்டு. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். நிலத்தை ஈடாக ஏற்பார்களா என்று கேட்டு, ஏற்றால் அங்கே அடமானமாக வையுங்கள். தேவையான அளவுக்குத் தவணை தவணையாக எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் வழி என்பதற்காகத் தயங்க வேண்டாம். விமானிகளின் ஆங்கிலத்தை ஆறு படிகளாக அளக்கிறார்கள், அதில் நான்காவது படி இருந்தால் போதும், ரேடியோவில் பேசுவதும் பெரும்பாலும் வரையறுத்த சொற்கள்தான். தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் பேசிப் பழகட்டும். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று சொந்தபந்தம் சொன்னால், இந்திய விமானிகளில் பெண்கள் சுமார் 15 சதவீதம், உலக அளவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘கே. தாரணி’, ஆதாரில் ‘தாரணி கந்தசாமி’, பாஸ்போர்ட்டில் வேறொன்று என்று இருந்தால், டிஜிசிஏ தேர்வு எழுதுவதற்கான பதிவு எண்ணான ‘கம்ப்யூட்டர் நம்பர்’ வாங்கும்போதே மாதக்கணக்கில் இழுபடும். ப்ளஸ் டூ நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுவோர் பட்டியல், பள்ளியிலிருந்து போவதற்கு முன்னால் தலைமையாசிரியரைப் பார்த்து, பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு அதன் பிறகு விண்ணப்பித்தால் போதும்.