பீடத்தில் ஏறிவிட்டால் கேள்வி கேட்கக் கூடாதா?

கேள்வி: ஐயா, எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் திருமண்டலத் தேர்தல், அதாவது பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தல், நெருங்கினாலே பிரசங்கம் திசை மாறிவிடுகிறது. எதிர் அணியினரை, மோசேக்கு எதிராகக் கலகம் செய்த 'கோராகின் கூட்டம்' என்று குருவானவர் பீடத்திலிருந்தே சாடுகிறார். கேட்டால், 'அபிஷேகம் பண்ணப்பட்டவனைத் தொடாதே' என்கிறார். பிரசங்க பீடத்துக்கு அப்படி என்ன அதிகாரம்?
- சபையார் ஒருவர், தென் மாவட்டம்

பதில்: சகோதரரே, முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். 105-ஆம் சங்கீதத்தில் வருகிறது. அங்கே சொல்லப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. சொந்த நிலமில்லாமல் ஊர் ஊராகத் திரிந்த கொஞ்சம் பேர். அவர்களைத் தொடாதீர்கள் என்று கடவுள் எச்சரித்தது ராஜாக்களை. நாதியற்றவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பை மைக் பிடித்திருப்பவர் தனக்கென்று எடுத்துக்கொள்வது வேடிக்கைதான்.

பீடம் ஏன் உயரமாக இருக்கிறது? நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில் வேத அறிஞரான எஸ்றா மரத்தால் செய்த பீடத்தில் ஏறுகிறார். மோசேயின் நியாயப்பிரமாணத்தை வாசிக்கத்தான் ஏறினார். பழைய ஆலயங்களில் பீடத்துக்கு மேலே ஒரு மரக் கூரை தொங்குமே, அது குரல் உயரே போய்ச் சிதறாமல் சபையின் பக்கம் திரும்புவதற்காக. அதைத் தங்களுக்காகப் பிடிக்கப்பட்ட குடை என்று நினைத்துக்கொண்ட ஐயமார்களும் உண்டு!

வெளிநாடுகளில் சில பீடங்களின் உட்புறத்தில், பிரசங்கியாரின் கண்ணில் மட்டும் படும்படி யோவான் 12:21-ஐப் பொறித்திருப்பார்கள்: 'ஐயா, இயேசுவைக் காண விரும்புகிறோம்.' நான் பிரசங்கித்த பீடங்களில் தண்ணீர் டம்ளர்தான் இருந்தது.

குருப்பட்டம் பீடத்தில் ஏறும் உரிமையைத் தருகிறது. ஏறியபின் அதிகாரம் திறந்திருக்கும் வேதத்துக்குத்தான். பவுல் பேசியதையே பெரோயா ஊரார் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அவர்களை லூக்கா அப்போஸ்தலர் நடபடிகளில் நற்குணசாலிகள் என்கிறார். பவுலும் 1 கொரிந்தியர் 14-இல், இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்றுதானே எழுதுகிறார்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜாதியையும் வரதட்சிணையையும் அவர் சுடச்சுடக் கண்டித்து, அது பிடிக்காமல் நீங்கள் எழுதியிருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன். சபைக்கு உறைக்கிற மாதிரிப் பேச பீடத்துக்கு உரிமை இருக்கிறது. ஓட்டுக் கேட்க இல்லை.

அதற்காக ஆராதனை நடுவில் எழுந்து நிற்காதீர்கள். 1637-இல் எடின்பரோவின் புனித கைல்ஸ் ஆலயத்தில் புதிய ஜெபப் புத்தகம் பிடிக்காமல் ஜென்னி கெடஸ் என்ற பெண் குருவின்மேல் முக்காலியை வீசினார் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்வார்கள். அது கலவரத்தில் போய் முடிந்தது.

சபை மூத்தவர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு குருமனைக்குப் போங்கள். தேர்தல் பேச்சையே எடுக்க வேண்டாம். நம் திருச்சபையில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் கருப்பொருளும் வேதபாடங்களும் முன்பே குறித்துக் கொடுக்கப்படுகின்றன. 'அன்றைய பாடத்தில் கோராகு எங்கே வந்தான், ஐயா?' என்று மட்டும் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் சேகரத் (பல சபைகள் சேர்ந்த பகுதி) தலைவர் வேறொருவராக இருந்தால் அவருக்கும், அப்புறம் பேராயருக்கும் எழுதுங்கள். பெயர், கையெழுத்து இரண்டும் இருக்கட்டும். தேர்தல் சமயத்தில் வந்து குவியும் மொட்டைக் கடிதங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை.